பதினேழா, பதினெட்டா

கோரிமேடு தாண்டியதும் ஷம்ஷாத் சொன்னாள்:
"ஜன்னலோரம் நீ உட்காரு.
எனக்குக் காத்து போதும்.
உனக்குத்தான் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கே."

மிச்சம் என்றால்
ஒரு ரூபாய் நாணயம் அளவு.
வலக்கண்ணில் மட்டும்,
அதுவும் வெயில் இருக்கும்வரை.
சிவதாபுரத்துப் பட்டறையில்
கொலுசுக்கு மணி பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.
முதலில் தொலைந்தவை ஓரங்கள்.
நெருப்பு தெரியும், அதன் பக்கத்தில் வைத்த என் கை தெரியாது.
மூன்றாவது தழும்போடு
முதலாளி கணக்கை முடித்தார்.

அவளுக்கு ஏழு வயதிலேயே ஆகிவிட்டது.
வங்கியில் தொலைபேசி எடுக்கிறாள்.
என்னைவிட ஒரு வயது சின்னவள்.
போன மாதம் பாஸ் வாங்கும் வரிசையில்
என் காலை மிதித்துப் பழக்கமானவள்.

அடிவாரத்தில் வண்டி கியரை இறக்கி முனகியது.
"ஒண்ணு" என்றாள்.
அவள் தோள் என் தோளில் சாய்ந்து விலகியது.

"ஐந்நூறை மடிக்காதே. இருநூறை நீளவாக்குல மடி.
நூறை ரெண்டா.
மத்ததெல்லாம் சட்டைப் பையில கிடக்கட்டும்,
ஏமாத்தினாலும் டீக்காசுதான் போகும்.
ரெண்டு.
டீ ஊத்தும்போது விரலை உள்ள விடாதே,
கேளு.
டம்ளர் நிறைய நிறைய
சத்தம் மேல ஏறும்."

பிறகு ஐந்து ரோட்டுக் கதை.
ஒரு புண்ணியவான் அவள் கையைப் பிடித்து
தரதரவென்று ரோட்டைக் கடக்கவைத்து
தோளைத் தட்டிவிட்டுப் போனாராம்.
அவள் நின்றிருந்தது பஸ்ஸுக்கு.
"திரும்பி வர
இன்னொரு புண்ணியவானுக்குக் காத்திருந்தேன்."
கண்டக்டர் சிரித்த சிரிப்பில்
விசில் வாயிலிருந்து விழுந்தது.

முன் இருக்கைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.
"பாக்க முடியாதவங்களுக்கு
ஏற்காடு எதுக்கும்மா?"
"உங்களுக்குக் காது அடைக்குதா சார்?"
"ஆமா."
"எங்களுக்கும் அடைக்குது. அதுக்குத்தான்."

ஒன்பதோ பத்தோ வந்தபோது கேட்டேன்,
ராத்திரி என்ன செய்வது என்று.
விளக்கு எரிகிறதா என்று தெரியாமல்
சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதைச் சொன்னேன்.
மனைவி விழித்திருந்தும் தூங்குவதுபோல் கிடப்பதை.

இரண்டு வளைவுக்கு அவள் பேசவில்லை.
எண்ணவுமில்லை.

"ராத்திரிக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது.
போன் பண்ணு. ரெண்டு மணி ஆனாலும் பண்ணு.
பேசத் தோணலைன்னா
அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும்
ரேடியோ கேப்போம்."

அப்புறம், ஏதோ கோபத்தில் சொல்வதுபோல்:
"அந்த மிச்சத்தைப் பூட்டி வைக்காதே.
பாரு. செலவு பண்ணு.
ஆனா அதை நம்பி ரோடு மட்டும் கடக்காதே."

நான் நாணயத்தை ஜன்னலில் வைத்தேன்.
சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி,
ஓர் இலையின் வெளிறிய முதுகு,
போயிற்று.
மஞ்சள் பலகையில் ஒரு ஒன்று,
அதன் பக்கத்தில் ஏதோ.
"பதினேழு" என்றேன்.
"பதினெட்டு."
"பலகையைப் பாத்தேன்."
"பாதிப் பலகை.
என் தோள் முழுசா எண்ணிச்சு."
"நடுவுல ரெண்டு விட்டியே."
"விட்டது வாய். தோள் இல்லை."

ஏரிக்கரையில் இறங்கினோம்.
குளிர், குதிரைச் சாணம், மிளகாய் பஜ்ஜி.
இரண்டு மாதமாய்ப் பைக்குள் கிடந்ததை,
வீட்டில் குடை என்று சொல்லிவைத்ததை,
எடுத்து உதறினேன்.
டக், டக், டக், டக்.

அவள் பாராட்டவில்லை.
"புதுசா? முனை சுத்துதா?"
"தெரியலை."
"தட்டிப் பாரேன்."

தட்டினேன்.
ஒரு நாய் எழுந்து,
அலுப்போடு உடம்பைச் சிலிர்த்து,
எங்களுக்கு வழிவிட்டுப் போனது.

"பதினெட்டுதான்" என்றாள் ஷம்ஷாத்
என் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு.
"எந்தப் பக்கம் டீக்கடை?"